சூடு ஏறலையே

"இந்தா வந்துட்டேன், நீ பிடிச்சுக்கிட்டு மட்டும் நில்லு"ன்னுட்டுப் போன மனுசன் எந்த ஊருக்குப் போனாரோ தெரியலை. பிரமு இங்க கை கழுவுத பேசனை அடியில ரெண்டு கையாலயும் ஏந்தி, இடுப்பை அதுக்கு முட்டுக் குடுத்து, கல்யாண வீட்டுல சாம்பார் அண்டாவைக் காவல் காக்கிற பண்டாரி கணக்கா நிக்கா. பண்டாரியாவது கரண்டியை வச்சுட்டு ஒரு வெத்தலை போடுவான். இவளுக்கு மூக்கு அரிச்சாக்கூட சொறிய வழியில்லை. மூக்கு அரிக்கத்தான் செய்யுது. கை ஒழியாத நேரமாப் பாத்துத்தான் அதுக்கும் அரிக்கும். தோள்பட்டையில தேய்ச்சிருவோம்னு கழுத்தைச் சாய்ச்சா, பேசன் ஒரு நெல்லளவு அசைஞ்சுச்சு, அய்யய்யோன்னு நேரா நிமுந்துட்டா. முட்டுக் குடுக்க ஒரு கம்பு எடுக்கப் போன ஆளு. கம்பு கொல்லையில சாத்தியிருக்கு, ஒரு கொட்டாவி விடுத நேரத்துல எடுத்துட்டு வந்துரலாம். ஆனா வெயிலுமுத்து குரல் கேக்கது வாசப் பக்கம், போனுல. "ம்ம்... ஆமா மாப்பிள்ளை... அதான மாப்பிள்ளை..." ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் ஒரு இழுப்பு. பிரமு வாய்க்குள்ளயே அதை ஒரு தடவை சொல்லிப் பாத்தா, அதான மாப்பிள்ள்ளை, சரியா வந்துச்சு. யாரு பேசுனாலும் அடுத்த நிமிசம் அவ வாயில அது அப்பிடியே வந்துரும், புருசன்னா கேக்கணுமா. போகட்டும். இப்ப சூடு வரணும். பசைன்னா சூடு வரணும். பெரிய டியூப்புல இருக்கது தேன் மாதிரி, சின்ன டியூப்புல இருக்கதும் தேன் மாதிரிதான், ஒரு பொட்டு மஞ்சள் கூடுதல். ரெண்டையும் சமமாப் பிதுக்கி, ஒழுகாம இருக்க முகத்துக்குப் போடுத பவுடரைத் தூவிக் குழைச்சா, கொஞ்ச நேரத்துல அதுவா வெதுவெதுன்னு வரும், காய்ச்சக்காரப் பிள்ளை நெத்தி மாதிரி. அந்தச் சூடு வந்து தணிஞ்சுட்டுன்னா அப்புறம் யானையைக் கட்டி இழுத்தாலும் வராது. பேசனைத் தாங்குத போல்ட்டு ரெண்டும் சுவத்து ஓட்டைக்குள்ள லொடலொடன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஓட்டை நிறையப் பசையை அடைச்சு, போல்ட்டைத் திணிச்சு, சுவரும் பேசனும் சேருத இடத்துல ஒரு பட்டையும் இழுத்தாச்சு. எல்லாம் வெயிலுமுத்து குழைச்சுக் குடுத்த பசை. இனி அது பிடிக்கிற வரைக்கும் ஆடாம ஏந்திக்கிட்டு நிக்கதுதான் இவ வேலை. கட்டைவிரலை மட்டும் மெதுவா நீட்டி அந்தப் பட்டையைத் தொட்டுப் பாத்தா. ஜில்லுன்னு இருந்துச்சு.

வரும் வரும், மார்கழி மாசம்லா, சுவரே குளுந்து கிடக்கு, நமக்கே காலையில எந்திரிக்க மனசு வரலை, பசைக்கு மட்டும் வருமாக்கும். வந்துதான் ஆகணும். வராட்டா வீடு போச்சு. யாரும் பிடுங்கிக்கிட்டுப் போகலை, இவதான் வாயைக் குடுத்தா. நேத்து இட்லிக் கொப்பரையை இறக்கும்போது அவரு சும்மா இருந்தாரா, "வீடாட்டி இது, ஒட்டுப் போட்ட பிளாஸ்டிக் குடம், இந்தப் பக்கம் அடைச்சா அந்தப் பக்கம் ஒழுகு"ன்னாரு. அவளுக்குச் சுள்ளுன்னு வந்துட்டு. "நாளைக்கு இந்தப் பேசனை நிப்பாட்டிக் காட்டுதேன். நிக்கலைன்னா சாயங்காலம் உங்க மாப்பிள்ளை நீட்டுத இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு உங்க பின்னாலயே வாரேன், போதுமா?" அதுக்கு அவரு இன்னும் ரெண்டு இட்லி வைன்னாரு. வீடு இவ பேருல இருக்கு, இவ அப்பா குடுத்தது, அதனால இவ கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காது. அந்த மாப்பிள்ளை, அவரு தங்கச்சி புருசன் நயினாரு, இதை விக்கதுக்கு ஆளு பாத்து வச்சிருக்காரு, பைபாஸ்ல புதுசா எழும்புத கட்டடத்துல மூணாவது மாடியில ஒரு வீடும் பாத்து வச்சிருக்காரு. தங்கச்சி சண்முகக்கனி வந்து உக்காந்துக்கிட்டுப் பாடுத பாட்டு இருக்கே. "மைனி, அங்க ஒண்ணும் உடையாது மைனி. உடைஞ்சாலும் போனைப் போட்டா ஆளு வந்துருவான் மைனி. சுவத்துல ஒரு ஆணி அடிக்க விடமாட்டாவ மைனி, அவ்வளவு சுத்தம்." ஆணி அடிக்க விடாத சுவத்துக்குப் பேரு சுவரா? பிரமு அன்னைக்கு அவ போனதும் முந்தானையை அவளை மாதிரியே விரல்ல சுத்திக்கிட்டு, "மைனி, அங்க மழை பெஞ்சாக்கூட செருப்பைக் கழத்திட்டுத்தான் பெய்யும் மைனி"ன்னு சொல்லிக் காட்ட, பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா சிரிச்ச சிரிப்புல அவ மடியில இருந்த முருங்கக்கீரை பூராவும் தரையில.

ரெஜினா அக்கா வீட்டுலயும் இவ ஒட்டுன சாமான் இருக்கு. இந்தத் தெருவுல யாரு வீட்டுல இல்லை? கிறிஸ்மஸ் குடில்ல வைக்கிற ஆடு மேய்க்கிறவன் பொம்மைக்குக் கை ஒடிஞ்சு போயி, "பிரமு, நீதாம்மா ஒட்டித் தரணும்"னு கொண்டு வந்தா. பேச்சு சுவாரசியத்துல கையைத் திருப்பி ஒட்டிட்டா. சூடு வந்து தணிஞ்சாச்சு, இனி கடவுளே வந்தாலும் கழத்த முடியாது. அந்த மேய்ப்பன் இன்னைக்கும் வருசா வருசம் குடில்ல நின்னு முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கான். கொடுத்து வச்சவன், சொறியுததுக்கு ஒரு கை இருக்கு. பிரமுவுக்கு இப்ப மூக்கோட முதுகும் சேந்து அரிக்கு. பொறந்த வீட்டு மிக்சி மூடி, அவரு ஹெல்மெட்டு, தண்ணித் தொட்டி மூலை, வாசக்கதவு நாதாங்கி, பிள்ளைக ரெண்டும் கல்யாணம் ஆகிப் போறதுக்கு முன்னால உடைச்சுப் போட்டது பூராவும். கொழுக்கட்டைக்குன்னு வச்சிருந்த அச்சு. இவளைப் பொண்ணு பாக்க வந்தப்ப அவரு செருப்புக்கூட ஒண்ணு, வார் அந்து போயி அவரு வெக்கப்பட்டுக்கிட்டு நின்னாரு, ஒட்டிக் குடுத்தா, அந்தச் செருப்போடதான் மறுபடி வந்து தாம்பூலம் மாத்துனாரு. எது உடைஞ்சாலும் தூக்கிப் போட மனசு வராது. உடைஞ்சது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அடையாளம் தெரியும்லா, பல்லுக்குப் பல்லு பொருந்தும்லா, நடுவுல ஒரு சொட்டு வச்சாப் போதும்லா. கட்டைவிரலை மறுபடி நீட்டுனா. ஜில்லு. சரியாத் தொடலையோ. இந்த விரலுக்குத்தான் தோலே செத்துப் போச்சே, சூடு வந்தாலும் தெரியுமோ என்னவோ.

விரலு அப்பிடி ஆனது போன ஆவணியில. இடுக்கெல்லாம் வெடிச்சு, தோலு உரிஞ்சு, உப்புப் பட்டா உயிரு போகும், ராத்திரி பகலு அரிப்பு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சின்ன டியூப்புல இருக்க மருந்து உங்க தோலுக்குச் சேரலைம்மா, இனிமே பசையைக் கையால தொடாதீங்க"ன்னுட்டாவ. வீட்டுக்கு வந்து பிரமு சாப்பிடலை. சீக்குக்குக்கூட அவ அழுத ஆளு இல்லை, அதுக்கு அழுதா. அப்பத்தான் அவரு பக்கத்துல வந்து உக்காந்தாரு. கலியாணம் ஆன நாள்ல இருந்து அந்த மாதிரி வந்து உக்காந்ததில்லை. அவ கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, களிம்பைத் தடவிக்கிட்டே சொன்னாரு, "க்ஹூம்... இனிமே நீ தொடக்கூடாது பிரமு. நான் இருக்கேம்லா. நான் குழைச்சுத் தாரேன், நீ ஒட்டு." மறுநாளு காலையில ரெஜினா அக்காகிட்ட அதை அப்பிடியே நடிச்சுக் காட்டுனா. அவரு குனிஞ்ச மாதிரி குனிஞ்சு, அவரு தடவுன மாதிரி தடவி, தொண்டையைச் செருமி, "இனிமே நீ தொடக்கூடாது பிரமு"ன்னு அந்தக் கட்டைக் குரல்ல. ரெஜினா அக்கா கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. "எங்க வீட்டுலயும் இருக்கே ஒண்ணு, கையே ஒடிஞ்சாலும் காப்பி எங்கன்னு கேக்கும்"னா. பிரமுவுக்கு அன்னைக்குப் பெருமை தாங்கலை. அதுல இருந்து அவருதான் குழைப்பாரு. கொல்லையில போயி நின்னு, காலண்டர் அட்டையில குழைச்சு, ஐஸ்கிரீம் குச்சியோட கொண்டாந்து நீட்டுவாரு, சாமிக்குப் பிரசாதம் கொண்டாந்த மாதிரி. அவ பக்கத்துல போகக்கூடாது, வாடை பட்டாலே அரிக்குமாம். அவ்வளவு அக்கறை.

ஆனா பாரு, அதுல இருந்து ஒண்ணும் நிக்கலை. குழாய் மூட்டு, ரெண்டு நாளு. நாற்காலிக் காலு, உக்காந்த அன்னைக்கே, அதுவும் சண்முகக்கனி உக்காந்த அன்னைக்கு, அவ விழுந்த விழுகையில "மைனீ"ன்னு ஒரு சத்தம், அதை நடிச்சுக் காட்டக்கூட பிரமுவுக்கு மனசு வரலை. தொட்டி மூலை மறுபடி கசிஞ்சுச்சு. கண்ணாடி அலமாரிக் கைப்பிடி கையோட வந்துட்டு, பசை நூலு நூலா இழுத்துக்கிட்டு, ஊறவச்ச சவ்வரிசி மாதிரி. "ஈரத்துல வச்சிருப்ப"ம்பாரு. "அழுக்கைத் தேய்க்காம ஒட்டியிருப்ப"ம்பாரு. போன வாரம் சொல்லியே போட்டாரு. "கை ராசி போச்சுட்டி. வயசாகுதுல்லா." அதைச் சொன்னப்ப முகத்துல என்ன ஒரு பாவம். அன்னைக்கு பிரமு அடுப்படியில ஒத்தையில நின்னு ரெண்டு கையையும் நீட்டிப் பாத்தா, நடுங்குதான்னு. அவ அம்மாவுக்குக் கடைசியில கை நடுங்குச்சு. டம்ளரை எடுத்தா காப்பி பூராவும் சேலையில. ஒரு நாளு அம்மா அவளைப் பாத்து, "இந்தக் கை என்னுதா பிரமு?"ன்னு கேட்டா. அந்தக் கேள்வி அப்பப்ப வந்து நிக்கும், குழம்பு கொதிக்கையில, பூ கட்டுகையில, இப்ப பேசனைத் தாங்கிக்கிட்டு நிக்கையில. இந்தக் கை என்னுதா? நடுங்குத மாதிரி இருக்கே. இல்லை, பாரம். எவ்வளவு நேரமா நிக்கா, பாரம் நடுக்கத்தான் செய்யும். சூடு மட்டும் வந்துட்டாப் போதும். மூக்கை அந்தப் பட்டைக்குப் பக்கத்துல கொண்டு போனா, வாடையாவது வருதான்னு பாப்போம்னு. பவுடர் வாசம். கோயிலுக்குக் கிளம்புத சின்னப்பிள்ளை கழுத்து மாதிரி கமகமன்னு பவுடர் வாசம். அது மட்டும்தான். அந்த இன்னொரு வாடை எங்க? சின்ன டியூப்பைத் திறந்தா மீன் கழுவுன தண்ணி மாதிரி ஒரு கவிச்சி அடிக்கும், சோத்துக்கு முன்னால ஒட்டுனா சோறு இறங்காது, அது எங்க போச்சு? பவுடர் அமுக்கிருக்கும். முன்னாலயும் பவுடர் போட்டுத்தான் குழைச்சோம், அப்ப அமுக்கலையே. புது கம்பெனி பசையா இருக்கும், வாடை இல்லாம செஞ்சிருப்பான். இல்லை, அதே பெட்டி, அதே படம். அப்ப நம்ம மூக்குதான் போச்சு. கை போச்சு, மூக்கு போச்சு, அடுத்தாப்ல என்ன, காதா? காது நல்லாத்தான் கேக்கு. வாசல்ல இருந்து கேக்கு. "சாயங்காலம் வாங்க மாப்பிள்ளை. இன்னைக்கோட முடிஞ்சுரும்." எது முடிஞ்சுரும்? வேலை. வேலையைத்தான் சொல்லுதாரு. பேசன் வேலை இன்னைக்கோட முடிஞ்சுரும்னு. வேற என்ன.

குக்கர் கைப்பிடி. அது எதுக்கு இப்ப ஞாபகம் வருது? கார்த்திகையில அவரு சங்கரன்கோவிலுக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தப்ப குக்கர் கைப்பிடி கழண்டுட்டு, அரிசியைக் களைஞ்சு வச்சாச்சு, என்ன செய்ய, அலமாரியில ரொம்ப நாளாக் கிடந்த பழைய டியூப்பு ரெண்டையும் தேடி எடுத்து, கையில பால் கவரை மாட்டிக்கிட்டு இவளே குழைச்சு ஒட்டுனா. அவருகிட்டச் சொல்லலை, சொன்னா திட்டுவாரு. அது இன்னைக்கும் நிக்கி. நேத்துகூட பருப்பு வச்சாச்சு. இந்தக் கைதான அதை ஒட்டுச்சு? ராசி போன கைதான? அப்ப கையில ஒண்ணும் இல்லை. அப்ப பசையில. பசையில என்ன? நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் முள்ளுல மாட்டுன சேலை மாதிரி நின்னுட்டு. இழுத்தாக் கிழியும். அவ இழுக்கலை. வேற பக்கம் பாத்தா. பாத்த பக்கம் ஜன்னல் மாடம். மாடத்துல பசைப் பெட்டி திறந்து கிடக்கு, பக்கத்துல டியூப்பு ரெண்டும். பெரிய டியூப்பு பல்லு தேய்க்கிற பேஸ்டு தீந்த மாதிரி அடியில இருந்து சுருட்டிச் சுருட்டி, நசுங்கி, சப்பையாக் கிடக்கு. சின்ன டியூப்பு கிடக்கு, கொழுகொழுன்னு, தாய்ப்பால் குடிச்சிட்டுத் தூங்குத பிள்ளை வயிறு மாதிரி, ஒரு நெளிவு இல்லை, ஒரு விரல் தடம் இல்லை. போன மழையில குடை தேடி அவரு ஸ்கூட்டர் சீட்டைத் தூக்குனா, அடியில இதே மாதிரி குட்டி டியூப்புக உருண்டுக்கிட்டுக் கிடந்துச்சு, எல்லாம் கொழுகொழுன்னு. சிக்கனமான மனுசன், மிச்சம் பிடிச்சு வச்சிருக்காருன்னு நினைச்சா. சிரிச்சுக்கிட்டே சீட்டை மூடுனா. இப்பச் சிரிப்பு வரலை. வாய்க்குள்ள அவரு குரல்தான் வருது, கேக்காமலே வருது, ரெஜினா அக்காகிட்டச் செஞ்சு காட்டுன அதே குரலு, க்ஹூம், இனிமே நீ தொடக்கூடாது பிரமு. க்ஹூம். அந்த க்ஹூம். அந்த மனுசன் எப்பத் தொண்டையைச் செருமுவாருன்னு இந்த உலகத்துலயே இவளுக்குத்தான தெரியும். உப்பில்லாத ரசத்தை நல்லாருக்கும்பாரு, முன்னால ஒரு க்ஹூம். நேரா வீட்டுக்குத்தான் வந்தேம்பாரு, முன்னால ஒரு க்ஹூம். தங்கச்சிக்கு ஒண்ணும் குடுக்கலைம்பாரு, க்ஹூம். இத்தனை வருசமா அதைச் செஞ்சு காட்டி ஊரைச் சிரிக்க வச்சவ, கையை மடியில வச்சுத் தடவுன அன்னைக்கு வந்த க்ஹூமை மட்டும் கேக்கலை. கேக்காமலா? கேட்டுத்தான நடிச்சா. ஒரு செருமல் விடாம நடிச்சா. காதுக்குக் கேட்டுருக்கு, வாய்க்குத் தெரிஞ்சிருக்கு, இவளுக்குத்தான் தெரியலை. வீட்டை வித்துத் தொலைன்னு மூஞ்சிக்கு நேரா கத்தியிருக்கலாம். சண்டை போட்டுருக்கலாம், ஒரு மாசம் பேசாம இருந்திருக்கலாம், எல்லாம் செஞ்சவங்கதான. கைக்குக் களிம்பு போட்டுக்கிட்டே கையைப் பிடுங்கியிருக்காரே. இந்தக் கை என்னுதான்னு கேக்க வச்சுட்டாரே.

செருப்புச் சத்தம். வெயிலுமுத்து உள்ள வந்தாரு. கையில கம்பு இல்லை. வந்தவரு பேசனைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு.

"என்னட்டி, இன்னும் பிடிச்சுக்கிட்டா நிக்க?"

"பிடிச்சுக்கிட்டு நில்லுன்னுதான போனீங்க."

"இல்லை... இந்நேரம் ஒண்ணு நின்னுருக்கணும், இல்லை விழுந்திருக்கணும்."

"கம்பு எங்க?"

"கம்பா? மாப்பிள்ளை போனைப் போட்டுட்டாரு, மறந்தே போச்சு."

பிரமு அவரு மூஞ்சியைப் பாத்தா. மீசையில ஒரு நரை புதுசா இருக்கு. நெத்தியில வேர்வை. மார்கழியில வேர்வை. சொல்லுய்யா, சொல்லித் தொலை, இப்பச் சொன்னாக்கூட நான் கத்திட்டு விட்டுருவேன்னு உள்ளுக்குள்ள கெஞ்சுனா. வெளிய என்னவோ எப்பவும் போலத்தான் கேட்டா.

"ஏங்க, ரெண்டு டியூப்பும் போட்டுத்தான குழைச்சீங்க?"

"க்ஹூம்... போடாம?"

அவ்வளவுதான். அவளுக்கு நெஞ்சுக்குள்ள எதுவோ பல்லுக்குப் பல்லு கழண்டு வந்துச்சு, சத்தமே இல்லாம. ஆனா வாய் அவ வாய்லா, அது சும்மா இருக்குமா. "சரி, கொஞ்சம் பிடிங்க, எனக்குத் தோளு விட்டுப் போச்சு"ன்னா. அவரு வந்தாரு. வராம என்ன செய்ய. கையைக் கீழ குடுத்தாரு, இடுப்பை முட்டுக் குடுத்தாரு, அவ தன் கையை ஒவ்வொண்ணா உருவுனா. பேசன் முழுப் பாரத்தையும் அவரு மேல இறக்கி வச்சுச்சு. "ஆடாமப் பிடிங்க. சூடு ஏறுதான்னு கட்டைவிரலால தொட்டுப் பாத்துக்கோங்க. இந்தா வந்துட்டேன், பிடிச்சுக்கிட்டு மட்டும் நில்லுங்க." அவரு குரல்ல, அவரு இழுப்புல, அப்பிடியே சொன்னா. முதல்ல மூக்கைச் சொறிஞ்சா. அப்புறம் மாடத்துல இருந்து டியூப்பு ரெண்டையும் எடுத்தா, அவரு பாக்க, மெதுவா. அவரு கண்ணு அந்தச் சின்ன டியூப்பு மேலயே வந்துச்சு, அவ கொல்லைக் கதவைத் தாண்டுத வரைக்கும் வந்துச்சு.

கொல்லைப் படியில உக்காந்தா. வெயில் இதமா இருந்துச்சு. சின்ன டியூப்பு மூடியைத் திருகுனா, வாய்ல வெள்ளித் தாள் முழுசா இருந்துச்சு, முகூர்த்தத்துக்கு முந்துன பொண்ணு மாதிரி. மூடியைத் திருப்பி அதோட முள்ளால ஒரு குத்து குத்துனா. குப்புன்னு அடிச்சுச்சு, மீன் கழுவுன தண்ணி. மூக்கு போகலை. மூக்கு நல்லாத்தான் இருக்கு. சப்பையாக் கிடந்த பெரிய டியூப்பை இன்னும் ரெண்டு சுருட்டு சுருட்டி, மிச்சத்தை உள்ளங்கையில பிதுக்கி, அது மேலயே சின்னதையும் சமமாப் பிதுக்குனா. குச்சி இல்லை, அட்டை இல்லை, பால் கவரு இல்லை. கட்டைவிரலால குழைச்சா. சாயங்காலம் நயினாரு வருவாரு, அவருக்குக் காப்பி குடுக்கலாம், நல்ல டிக்காஷனாவே குடுக்கலாம், சீனி தூக்கலா. இந்தப் பசையில நிக்கப் போற பேசன்லதான் கையைக் கழுவிட்டுப் போவாரு.

"பிரமு..." உள்ள இருந்து வந்துச்சு. "ஏட்டி பிரமு... கை கடுக்குட்டி."

"சூடு ஏறிட்டா?"

இனி அவரு கையை விட்டா பேசன் சில்லு சில்லாப் போயிரும், அவரு விட்டதாத்தான் ஆகும், இவ தோத்ததா ஆகாது. சூடு ஏறாது, சின்ன டியூப்பைப் போடலைன்னு சொன்னா வேற ஒண்ணு போகும். ரெண்டுல எதுன்னாலும் அவரு இஷ்டம், அவ கேக்கப் போறதில்லை. காகம் ஒண்ணு மதில் மேல வந்து உக்காந்து அவ கையைப் பாத்துச்சு, திங்க ஏதோ வச்சிருக்கான்னு. பிரமு குழைச்சுக்கிட்டே இருந்தா. உள்ள இருந்து ஒரு செருமல் கேட்டுச்சு. க்ஹூம். அவ கையை நிறுத்திட்டுக் காத்துக்கிட்டு இருந்தா. அதுக்குப் பின்னால வர வேண்டிய பேச்சு வரவே இல்லை.

உள்ளங்கை வெதுவெதுன்னு ஆச்சு. மெதுவா, நடுவுல இருந்து, விரலு விரலா ஏறுச்சு. அரிப்பும் கூடவே ஆரம்பிச்சுட்டு. கை ஒரு பொட்டு நடுங்கலை.